ரேக்குக்கு முன்னால் அறை: நெட்வொர்க் ஸ்விட்ச் மாட்டும் இடத்தைத் தயார் செய்வது எப்படி?

கணினி, கேமரா, போன் எல்லாவற்றையும் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிதான் நெட்வொர்க் ஸ்விட்ச். 48 கேபிள் செருகக்கூடிய, அதாவது 48 போர்ட் உள்ள ஸ்விட்ச் ஒன்றை ரேக் என்ற இரும்புச் சட்டத்தில் மாட்டி, கேபிள்களைச் செருகி, விளக்குகள் பச்சையாக எரிவதைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். அது ஏழெட்டு வருடம் சத்தமில்லாமல் ஓடுமா, இரண்டாம் வருடமே ‘அடிக்கடி ஹேங் ஆகுது சார்’ என்று போன் வருமா என்பது அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே முடிவாகியிருக்கும். முடிவு செய்தவர்கள் சுவர் எழுப்பிய கொத்தனார், ஒயர் இழுத்த எலக்ட்ரீஷியன், ஏசி மாட்டியவர். அங்கே என்ன வரப்போகிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிளானில் ‘சர்வர் ரூம்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். மாடிப்படிக்கு அடியிலோ கழிப்பறையை ஒட்டியோ, வேறு எதற்கும் உதவாமல் மிஞ்சிய இடத்துக்கு அந்தப் பெயரை வைத்திருப்பார்கள்.

பெரிய டேட்டா சென்டர்களுக்குத் தனிப் பொறியாளர் படையே உண்டு. அவர்கள் பாடு வேறு. நான் சொல்ல வருவது நம் ஊர்க் கல்லூரி, மருத்துவமனை, நூறு இருநூறு பேர் வேலை பார்க்கும் அலுவலகம் ஆகியவற்றில் இருக்கும் அந்தச் சின்ன அறையைப் பற்றி. நெட்வொர்க்காரர் கடைசியாகத்தான் அங்கே வந்து சேர்கிறார். அவர் முதலிலேயே வந்து மற்றவர்களிடம் சில எண்களைக் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை பிறக்கவே பிறக்காது.

முதல் எண் 90. ஈதர்நெட் செப்புக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். அதில் சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் ஓடும் நிரந்தரப் பகுதிக்கு 90 மீட்டர்தான். மீதி 10 மீட்டர் இரு முனையிலும் செருகும் பேட்ச் கார்டு என்ற குட்டைக் கேபிள்களுக்கு. பிளான் தாளில் ஸ்கேல் வைத்து அளந்தால் எல்லாம் 60 மீட்டருக்குள் வந்துவிடும். ஆனால் கேபிள் அப்படிப் போகாது. ரேக்கிலிருந்து மேலே ஏறி, ட்ரே வழியாக வராந்தாவைச் சுற்றி, பீமைத் தாண்டி, மேசைக்கு இறங்க வேண்டும். அறை கட்டடத்தின் ஒரு கோடியில் இருந்தால் மறு கோடி 90-ஐத் தாண்டிவிடும். அப்போது என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒரு எட்டு போர்ட் ஸ்விட்சைச் சொருகிவிடுவார்கள். காற்றில்லாத, தூசி படிந்த அந்த இடத்தில் அது இருக்கிறது என்பதே இரண்டு வருடத்தில் மறந்துபோகும். அறையைக் கட்டடத்தின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தால் இந்தத் தொல்லை இல்லை. பல மாடிக் கட்டடம் என்றால் மாடிக்கு மாடி ஒன்றன் மேல் ஒன்றாக அறை இருக்கட்டும்.

அடுத்தது தண்ணீர். தலைக்கு மேல் தண்ணீர்க் குழாய், பின்சுவரில் கழிப்பறை, ரேக்குக்கு நேர் மேலே ஏசி. இந்த மூன்றில் எது இருந்தாலும் அந்த இடம் வேண்டாம் என்று அடித்துச் சொல்லிவிடலாம். ஏசி டிரெயின் குழாயில் பாசி அடைத்தால் தண்ணீர் ஏசிக்கு அடியில்தான் சொட்டும். தரைத்தளமும் சென்னையில் யோசிக்க வேண்டிய விஷயம். 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. ரேக்கை முதல் மாடிக்கு ஏற்றிவிட்டு, யுபிஎஸ் பேட்டரியையும் ஜெனரேட்டர் பேனலையும் கீழேயே விட்டுவைத்தால் ஏற்றியும் பிரயோஜனம் இல்லை.

மாடிக்கு ஏற்றும்போது எடை வருகிறது. வீடுகளின் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ, அலுவலகங்களுக்கு 250 முதல் 400 கிலோ என்ற கணக்கில் இந்தியத் தர விதிகள் வடிவமைக்கச் சொல்கின்றன. ஸ்விட்சால் பயம் இல்லை, ஒன்று ஏழெட்டு கிலோதான் இருக்கும். பேட்டரிதான் கனம். 12 வோல்ட், 42 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று சுமார் 14 கிலோ. 20 பேட்டரியை ஒரே ஸ்டாண்டில் அடுக்கினால் 280 கிலோ, அதுவும் அரை சதுர மீட்டர் இடத்தில். வீட்டை வாடகைக்கு எடுத்து அலுவலகமாக்கியவர்கள் அந்த ஸ்டாண்டை அறையின் நடுவில் நிறுத்தாமல் பீமுக்கு மேலேயோ சுமை தாங்கும் சுவரை ஒட்டியோ வைப்பது நல்லது. ஒரு ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரிடம் காட்டிவிட்டால் இன்னும் நல்லது.

சரி, ரேக்குக்கு வருவோம். 19 அங்குல அகலம் என்பது 1920களில் அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களின் ரிலே சட்டங்களிலிருந்து வந்த அளவு. முகப்புப் பலகையின் அகலம் 482.6 மி.மீ. உயரத்தை ‘யு’ கணக்கில் சொல்வார்கள்: ஒரு யு 44.45 மி.மீ. ஆள் உயர ரேக் பொதுவாக 42 யு, சுவரில் மாட்டுவது 6, 9, 12 யு.

இந்த யு கணக்கில் புதிதாக வருபவர்கள் எல்லோரும் இடறும் ஓர் இடம் உண்டு. ரேக்கின் தூணில் வரிசையாக இருக்கும் சதுர ஓட்டைகள் பார்வைக்குச் சம இடைவெளியில் இருப்பதுபோல் தெரியும். ஆனால் இடைவெளி 15.9, 15.9, 12.7 மி.மீ. என்று மாறி மாறி வரும். ஒரு யு என்பது மூன்று ஓட்டை. அது தொடங்குவதும் முடிவதும் அந்தக் குறுகிய 12.7 மி.மீ. இடைவெளியின் நடுவில். இதைக் கவனிக்காமல், திருகைப் பிடிக்க ஓட்டையில் செருகும் கேஜ் நட்டை ஓர் ஓட்டை தள்ளி மாட்டினால் ஸ்விட்ச் எப்படியோ உட்கார்ந்துவிடும், அடுத்துவரும் பேட்ச் பேனல் (சுவர்க் கேபிள்களின் முனைகளை வரிசையாகப் பொருத்தும் பலகை) உட்காராது. கடைசியில் அரைகுறை இடைவெளிகளுடன் ரேக் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். நல்ல ரேக்குகளில் யு எண்ணைத் தூணிலேயே அச்சிட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் முதல் வேலையாக மார்க்கரால் எழுதிவிடுங்கள். இன்னொன்று: இங்கே விற்கும் கேஜ் நட்டுகள் பெரும்பாலும் 6 மி.மீ. மெட்ரிக் மரை. அமெரிக்க நிறுவனங்களின் ஸ்விட்ச் பெட்டிக்குள் வரும் திருகுகளோ பெரும்பாலும் அங்குல மரை. இரண்டு சுற்று ஏறி இறுகி நின்றுவிடும். அதைப் பலமாகத் திருகி மரையைக் கெடுப்பதைவிட ஒரு பை மெட்ரிக் திருகு வாங்கி வைத்துக்கொள்வது மேல்.

அகலத்தையும் உயரத்தையும் கேட்பவர்கள் ஆழத்தைக் கேட்பதில்லை. பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும்) வசதியுள்ள 48 போர்ட் ஸ்விட்சுகள் சிலவற்றின் ஆழம் 400 மி.மீ.-ஐத் தாண்டும். பின்னால் பவர் கார்டு வளைய இடம் வேண்டும், முன்னால் பேட்ச் கார்டு மடங்க இடம் வேண்டும். 450 மி.மீ. ஆழமுள்ள சுவர் ரேக்கில் இதை மாட்டினால் கதவு மூடாது. கதவைக் கழற்றி மூலையில் சாய்த்து வைத்துவிட்டு வேலை பார்க்கும் அலுவலகங்கள் எத்தனையோ. 600 மி.மீ. ஆழம் வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. சுவர் ரேக் என்றால் சுவர் எதனால் கட்டியது என்று தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது வரும் புதுக் கட்டடங்களில் ஏஏசி பிளாக் அதிகம். செங்கல் சுவரில் பிடிக்கும் சாதாரண ஆங்கர் போல்ட் அந்த இலேசான கல்லில் நாளடைவில் தளர்ந்துவிடும். சுவரின் மறுபக்கம்வரை துளைத்துத் தகடு வைத்து முடுக்க வேண்டும். தரையில் நிற்கும் ரேக்குக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு மீட்டர் இடம் விடுங்கள். பின்பக்கம் சுவரோடு ஒட்டிவிட்டால் பிற்பாடு பவர் சப்ளை மாற்றும் நாளில் ரேக்கையே நகர்த்த வேண்டியிருக்கும்.

இனி மின்சாரம். அதிகம் கோட்டை விடுவது இங்கேதான்.

கணக்கைக் கெடுப்பது பிஓஇ. கேமராவுக்கும் வைஃபை கருவிக்கும் ஐபி போனுக்கும் தனி அடாப்டர் வேண்டாம், நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் போய்விடும் என்பது பெரிய வசதி. 2003-ல் வந்த முதல் தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை. 2009-ல் 30 வாட் ஆனது. 2018-ல் 90 வாட் வரை ஏறியது. 740 வாட் பிஓஇ தரக்கூடிய 48 போர்ட் ஸ்விட்ச் தன் தேவையையும் சேர்த்து முழுச் சுமையில் 900 வாட்டுக்கு மேல் இழுக்கும். நம் 230 வோல்ட்டில் அது 4 ஆம்பியர். ஒன்று மட்டும் என்றால் 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் தாங்கும். எலக்ட்ரீஷியன் அறையில் வைத்திருப்பது ஒரே ஒரு 6 ஆம்பியர் பாயின்ட், அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் இரண்டு ஸ்விட்ச், ஃபயர்வால் (நெட்வொர்க் பாதுகாப்புப் பெட்டி), என்விஆர் (கேமராப் பதிவுப் பெட்டி) என்றால் என்றைக்காவது ஒருநாள் பிளக் கருகும். ரேக்குக்கென்று யுபிஎஸ்ஸிலிருந்து தனி எம்சிபி, 16 ஆம்பியர் பாயின்ட் இரண்டு, ரேக்குக்குள் ஒரு பிடியு (வரிசையாகப் பிளக் செருகும் பட்டை). ஒயரிங் நடக்கும்போது கேட்டால் சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை. சுவருக்கு வெள்ளையடித்த பிறகு கேட்டால் சண்டை.

யுபிஎஸ் அளவைக் கணக்கிடும்போதும் பிஓஇயை விட்டுவிடுகிறார்கள். 30 கேமரா தலா 8 வாட், 12 வைஃபை கருவி தலா 20 வாட் என்று வைத்துக்கொள்வோம். 480 வாட். இது ஸ்விட்சின் விவரப் பட்டியலில் ‘சொந்தத் தேவை’ என்று போட்டிருக்கும் எண்ணில் வராது. ஆனால் பேட்டரியைக் குடிப்பது இதுதான். அறைக்குள் மொத்தச் சுமை 1000 வாட் என்று கொண்டால், 12 வோல்ட் 65 ஆம்பியர்-மணி பேட்டரி எட்டு வைத்தாலும் இழப்பெல்லாம் போக நடைமுறையில் 4 மணி நேரம் கிடைக்கும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் கரண்ட் வர மதியம் 2 ஆகிவிடும். ஆக, கடைசி ஒரு மணி நேரத்துக்கு ஜெனரேட்டர் வேண்டும், அல்லது அன்றைக்கு எதை முதலில் அணைப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும்.

இரண்டு பவர் சப்ளை உள்ள ஸ்விட்ச் வாங்கிவிட்டு, இரண்டு கார்டையும் ஒரே யுபிஎஸ்ஸில் செருகுவதைப் பற்றி என்ன சொல்ல! ஒன்றை யுபிஎஸ்ஸிலும் மற்றதை ஸ்டெபிலைசர் வழியாக நேர் லைனிலும் போடலாம். யுபிஎஸ்ஸே மண்டையைப் போட்டாலும் கரண்ட் இருக்கும்வரை ஸ்விட்ச் ஓடும். நேர் லைனில் போடும்போது சர்ஜ் பாதுகாப்பும், வோல்டேஜ் ஏறினால் துண்டிக்கும் கருவியும் அவசியம். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் கட் ஆனால் 230 வரவேண்டிய இடத்தில் 400-ஐ ஒட்டி வரும் என்பது தெருவில் ஒருமுறை டிவிகள் எரிந்துபோன ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

எர்த்தைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். பிளக் பாயின்ட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 காட்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் ஏறக்குறைய அதே அளவு காட்ட வேண்டும். அங்கே 120, 160 என்று அலைபாய்ந்தால் எர்த் ஒயர் எங்கோ தொங்கிக்கொண்டிருக்கிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 2 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 10, 15 என்று காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடாமல் ஸ்விட்சைப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். இந்தச் சோதனையை மழைக்காலத்தில் செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. உப்பும் கரியும் போட்ட பழைய பாணி எர்த் குழி கோடையில் காய்ந்து மண்ணின் தடை ஏறிவிடும். அதனால்தான் வாட்ச்மேனை விட்டுக் குழியில் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். ஸ்விட்சின் உடம்பில் எர்த் ஒயருக்கென்றே திருகுத் துளை இருக்கும். அதிலிருந்து செப்பு ஒயர் ரேக்கின் எர்த் பட்டைக்கு, அங்கிருந்து கட்டடத்தின் எர்த்துக்கு. ரேக்கில் பெயின்ட்டின் மேலேயே லக்கை (ஒயர் முனையில் உள்ள உலோக வளையத்தை) முடுக்கினால் அது வெறும் அலங்காரம். பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் தெரிந்த பிறகு முடுக்க வேண்டும்.

இடியையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். கல்லூரி வளாகங்களில் பிரதான கட்டடத்திலிருந்து விடுதிக்கோ வாசல் கேமராவுக்கோ செப்புக் கேபிளைக் கம்பத்தில் கட்டி இழுத்திருப்பார்கள். ஐப்பசி இடிக்கு வரிசையாகப் போர்ட்டுகள் செத்துப்போகும். இடி நேராக விழவேண்டும் என்பதுகூட இல்லை. பக்கத்தில் எங்கோ விழுந்தாலே இரண்டு கட்டடங்களின் எர்த்துக்கும் நடுவில் எழும் வோல்டேஜ் வித்தியாசம் அந்தக் கேபிள் வழியாகப் பாயும். கட்டடத்திலிருந்து கட்டடத்துக்கு ஃபைபர், அதுவும் உலோகக் கவசம் இல்லாதது. இதில் பேரம் பேச வேண்டாம்.

வெப்பத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது: ஏசி எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது, எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேலே சொன்ன 1000 வாட்டில் 480 வாட் கேபிள் வழியாக வெளியே போய் வராந்தாவிலும் வாசலிலும் வெப்பமாகிறது. அறைக்குள் மிஞ்சுவது 500 சொச்சம், யுபிஎஸ் இழப்பையும் சேர்த்தால் 600, 650 வாட். ஒரு டன் ஏசி 3,500 வாட் வெப்பத்தை இழுக்கும். மேற்குச் சுவர் வெயிலையும் மொட்டை மாடிச் சூட்டையும் சேர்த்தாலும் சின்ன அறைக்கு ஒரு டன் தாராளம். இரண்டு டன் மாட்டினால் அறை சட்டென்று குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடும். ஈரப்பதத்தை வெளியேற்ற அதற்கு நேரமே கிடைக்காது.

கடலோர ஊர்களில் அந்த ஈரப்பதம்தான் முக்கியம். சென்னையில் வருடத்தின் பெரும்பகுதி வெளிக்காற்றின் பனிநிலை 24, 25 டிகிரி. அதாவது அந்த அளவுக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் வெளிக்காற்று பட்டால் நீர் பூக்கும். ஐஸ் தண்ணீர் பாட்டிலின் மேல் பூப்பது இதுதான். ஏசியை 18-ல் வைத்த அறையில் கரண்ட் போய், வியர்க்கிறதே என்று யாரோ கதவைத் திறந்து வைத்தால் குளிர்ந்த ரேக்கின் மேலும் பேட்ச் பேனலின் செப்பு முனைகளிலும் ஈரம் படியும். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விட்சின் உள்ளே சூடு இருப்பதால் அது தப்பிக்கும். பயன்படாத போர்ட்டுகளும், பக்கத்தில் வைத்திருக்கும் உபரி ஸ்விட்சும் தப்பிக்காது. கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் பச்சைக் களிம்பு. கருவிகளுக்கு உள்ளே போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருந்தால் போதும் என்பது ஆஷ்ரே என்ற அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர்கள் அமைப்பின் பரிந்துரை. நம் ஊரில் அதன் மேல்பக்கத்தில், 24 அல்லது 25-ல், வைப்பதுதான் புத்திசாலித்தனம். மின்கட்டணமும் குறையும். ஆனால் அறைக்கு ஏசியே வேண்டாம் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அலுவலக ஸ்விட்சுகள் பலவற்றுக்கு உச்ச வரம்பு 45 டிகிரி. கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே பூட்டிய அறை தானாகவே அதை நெருங்கிவிடும்.

வீட்டு உபயோக ஸ்பிளிட் ஏசி இருபத்துநாலு மணி நேரமும் ஓடச் செய்யப்பட்டதல்ல. சின்னதாக இரண்டு மாட்டி, டைமர் வைத்து மாற்றி மாற்றி ஓட்டுவது பழைய வழி, நல்ல வழி. கரண்ட் போய் வந்தால் தானாகவே மறுபடி ஓடத் தொடங்குகிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். ரிமோட்டை அழுத்தினால்தான் உயிர் பெறும் ஏசி, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை கரண்ட் போய் வந்தால் திங்கள்கிழமைவரை தூங்கும்.

ஸ்விட்ச் எந்தப் பக்கத்திலிருந்து காற்றை இழுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். முன்னாலிருந்து பின்னால் போவதும் உண்டு, பக்கவாட்டில் இழுப்பதும் உண்டு, போர்ட் இருக்கும் பக்கமே வெளியேற்றுவதும் உண்டு. ஒரே ரேக்கில் எதிரெதிராக ஊதும் இரண்டை அடுத்தடுத்து மாட்டினால் ஒன்றின் வெந்த காற்றை மற்றது குடிக்கும். பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை: வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் டியூபுலர் பேட்டரியை இந்த அறைக்குள் விடவே கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனும் அமில ஆவியும் வெளிவரும். மூடிய வகைக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

கேபிளில் ஏமாற்று அதிகம். ‘கேட் 6’ என்பது நெட்வொர்க் கேபிளின் ஒரு தரம். அப்படி அச்சடித்த மலிவுப் பெட்டிகளில் செப்பு பூசிய அலுமினியம் வருகிறது. ஓர் இழையை எடுத்து பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அலுமினியத்துக்குத் தடை அதிகம். பிஓஇ ஓடும்போது சூடாகும், கடைசி கேமரா அடிக்கடி அணைந்து எரியும், பழி ஸ்விட்ச் மேல் விழும். அப்புறம் சுவருக்குள் பதிக்கும் குழாய். 25 மி.மீ. குழாயில் கேட் 6 நான்கு, மிஞ்சினால் ஐந்து கேபிள்தான் வசதியாகப் போகும். எலக்ட்ரீஷியனிடம் எண்ணிக்கையைச் சொல்லாவிட்டால் பத்தைத் திணித்து, சோப்புத் தண்ணீர் போட்டு இழுத்துவிடுவார். உள்ளே ஜோடி ஜோடியாக இருக்கும் இழைகளின் முறுக்கு கலைந்தது பார்வைக்குத் தெரியாது, கேபிள் டெஸ்டர் வைத்தால் தெரியும். மின் ஒயரோடு ஒரே குழாயில் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எலிக்கும் பல்லிக்கும் கேபிள் நுழையும் ஓட்டைதான் வாசல். நுழைவாயைச் சுற்றிக் கம்பி வலை வைத்து அடைத்துவிடுங்கள். தீயணைப்பானில் உலர் பொடி வகை வேண்டாம், கரியமில வாயு வகை வையுங்கள். பொடி தீயை அணைத்துவிட்டு மிச்சமிருக்கும் ஸ்விட்சுகளை அரித்துத் தீர்த்துவிடும்.

வேலைகளின் வரிசையில் நான் விட்டுக்கொடுக்கவே கூடாது என்று நினைப்பது ஒன்றுதான்: பட்டி தேய்த்து முடியும்வரை ஸ்விட்ச் பெட்டி திறக்கக் கூடாது. பெயின்டர் எமரித் தாளில் சுவரைத் தேய்க்கும்போது பறக்கும் வெள்ளைத் தூள் மாவைவிட மெல்லியது. பக்கத்து அறையில் தேய்த்தாலும் கதவிடுக்கு வழியாக வந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விட்சின் ஃபேன் அதை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். வெப்பத் தகடுகளில் படிந்து, காற்று ஈரத்தோடு சேர்ந்து அப்பிக்கொண்டால் ஊதினாலும் போகாது. ஆனால் திறப்பு விழாத் தேதி குறித்தாகிவிட்டது, வைஃபை உடனே வேண்டும் என்று நிர்வாகம் நெருக்கும். அப்படி நெருக்கினால் ஒரு பழைய ஸ்விட்சைத் தற்காலிகமாக வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம். துளையிடுதல், பட்டி, பெயின்ட், கடைசியில் தரையை ஈரத்துணியால் துடைப்பது, அதற்குப் பிறகே புதுப் பெட்டி.

மாட்டுவதற்கு முந்தின நாள் ரேக் வெறுமையாக இருக்கும்போதே மெயினை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். ஓர் அயர்ன்பாக்ஸ், இல்லாவிட்டால் நாலைந்து 200 வாட் குண்டு பல்பு, எதுவானாலும் கணக்கிட்ட சுமைக்குச் சமமாக யுபிஎஸ்ஸில் போட்டு, ஜெனரேட்டர் ஏறும்வரை தாங்குகிறதா, கரண்ட் வந்ததும் ஏசி தானாக எழுகிறதா என்று கடிகாரம் வைத்துப் பார்க்கலாம். ஏதாவது தவறினால் எலக்ட்ரீஷியனும் ஏசிக்காரரும் இன்னும் பில் வாங்காமல் இருக்கும்போதே கூப்பிட்டுச் சரிசெய்ய வைத்துவிடலாம்.